கூடையில் காணாமல் போன பொம்மை வீடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரோரம் இருப்பவர்களும் தள்ளி வாருங்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, இருட்டுச் சந்தும் இல்லை. பயப்படாமல் கேட்கலாம். பட்டப்பகலில் ஒரு வீடு திருடு போன கதையைச் சொல்லப் போகிறேன். நாலு சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் சேர்த்து முழு வீடு. கட்டை விரல் அளவு பென்டிரைவுக்குள் இருந்த அந்த வீடு, கூடையில் உட்கார்ந்து மாடியிலிருந்து இறங்கியது. தரையைத் தொடுவதற்குள் காணாமல் போய்விட்டது.

துப்புத் துலக்கப் போனவர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். மூத்தவளைப் பெரியக்கா என்பார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களின் பேச்சை இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். இளையவள் சின்னவள். ஸ்கூட்டர் ஓட்டும்போதும் வாய் ஓயாது, நிறுத்திய பிறகும் ஓயாது. அன்றைக்கு மட்டும் வழியெல்லாம் பேசாமல் ஓட்டினாள். மாட்டிக்கொண்டிருப்பது அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணி. பட்டறைக்குள் நுழைந்ததுமே கருகிய மரப்பலகை வாசனை மூக்கில் ஏறியது. நடுவில் ஐஸ் பெட்டியைப் படுக்கப் போட்டாற்போல் கண்ணாடி மூடியோடு லேசர் மெஷின். அதன் பக்கத்தில் அண்ணன், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிப்பிள்ளை போல நின்றான். ஓர மேசையில் முதலாளி.

"இவனுக்கு இவன் தங்கச்சியே துப்பறியறதா? ரொம்ப நல்லா இருக்கும்மா நியாயம்" என்றார் முதலாளி.

"அதனாலதான் நான் கூட வந்திருக்கேன்" என்றாள் பெரியக்கா. "இவ அண்ணன்தான் திருடன்னா, என் வாயாலயே சொல்லிடறேன். அப்புறம் இவ ஸ்கூட்டர்ல ஏத்த மாட்டா. நடந்து போய்க்கறேன்."

"முட்டி வலி மாத்திரை எடுத்து வச்சுக்கோங்க அக்கா" என்றாள் சின்னவள்.

முதலாளி சிரிக்கவில்லை. "அஞ்சு மணிக்குப் பட்டறைக்காரங்க சங்கக் கூட்டம். இவன் பேரை அங்க சொல்லிடப் போறேன். ஃபைல் திருடறவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, இந்த ஊர்ல ஒருத்தனும் மெஷின் பக்கத்துல நிக்க விடமாட்டான். தலைவர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன், ஆளு மட்டும் யாருன்னு சாயங்காலம் சொல்றேன்னு."

பதினான்கு வருடமாக மெஷினைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவன் அண்ணன். அது சின்னவளுக்குத் தெரியும். வழக்கம்போலக் கிண்டலால் சமாளிக்கப் பார்த்தாள். "அண்ணே, நீ திருடியிருந்தா நம்ம வீட்ல ஒரு நல்ல மிக்ஸியாவது இருந்திருக்கும்."

"பாப்பா, சும்மா இரு" என்றான் அண்ணன்.

"முதல்லேருந்து சொல்லுப்பா. மெதுவா சொல்லு. அவசரமாச் சொன்னா எனக்கு விரல் வலிக்கும்" என்றாள் பெரியக்கா. இது அவள் பழைய வழக்கம். உண்மை பேசுகிறவன் யோசித்து யோசித்துப் பேசுவான், தட்டச்சு செய்யக் கை நோகாது. பொய் சொல்கிறவன் ஒப்பித்த பாடம்போல விடுவிடென்று கொட்டுவான், அன்றைக்கு விரலுக்குத் தைலம் தேய்க்க வேண்டிவரும். இது அவள் இருபத்தாறு வருடத்தில் கண்டுபிடித்த சட்டம்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது பொம்மை வீடு. நாளை காலையில் கொடுத்தாக வேண்டும். படம் வரைகிறவர் முதலாளியின் மாப்பிள்ளை. அவருடைய அறை மொட்டை மாடியில். பட்டறை கீழே. நடுவில் முதல் மாடி, முதலாளியின் வீடு. மெஷினுக்கு நெட்டெல்லாம் கிடையாது. பென்டிரைவைச் செருகினால்தான் படத்தைப் படிக்கும்.

"படி ஏறி எடுத்துட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் சின்னவள்.

"மெஷின் ஓடறப்ப விட்டுட்டு நகரக் கூடாது. தீப்பிடிச்சுக்கும். மாப்பிள்ளையும் கீழ வர மாட்டார்." அண்ணன் ஓரக்கண்ணால் மேசையைப் பார்த்தான்.

முதலாளி கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். இருபது வருடத்துக்கு முன்னால் முதலாளி ஒரு அன்னப்பறவைக் கடிகாரம் வரைந்தார். அது ஆயிரக்கணக்கில் விற்றது. ஏழு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அதைப் பார்த்து, "மாமா, இது தண்ணி கொதிக்கிற கெட்டில் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "இனி அவர் வரையற கோட்டைக் கண்ணெடுத்தும் பாக்க மாட்டேன்" என்று முதலாளி சபதமே போட்டுவிட்டார். அதனால் மாப்பிள்ளை மொட்டை மாடியிலிருந்து ஒரு பிரம்புக் கூடையில் பென்டிரைவை வைத்து, கயிறு கட்டி, பட்டறை ஜன்னலுக்கு இறக்கிவிடுவார். தினமும் இரண்டரை மணிக்கு.

"திங்கக்கிழமை கூடையிலேருந்து எடுத்து மெஷின்ல செருகினேன். ஒண்ணும் தெரியல. செவ்வாக்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை ஜன்னல் கம்பி ஃபைல் மட்டும் வந்துச்சு, அது நல்லா இருந்துச்சு. நேத்து மறுபடியும் காலி" என்றான் அண்ணன்.

"கேட்டீங்களா?" முதலாளி மேசையைத் தட்டினார். "மேல இருக்கறவர் போட்டு அனுப்பறார். கீழ வந்ததும் காலியாயிடுது. கடைசியாத் தொட்டது யாரு? ஃபைலை வேற எவனுக்கோ வித்துட்டு அழிச்சிடறான்."

"அந்த நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"ரெண்டரை ஆகறப்ப மேல வீட்டுக்குப் போவேன் கால் மணி நேரம் தலை சாய்ப்பேன் முப்பது வருஷப் பழக்கம் டாக்டரே சொல்லியிருக்கார் வேணும்னா யாரை வேணா கேட்டுக்குங்க."

பெரியக்கா தன் வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டாள்.

"பென்டிரைவை எடுக்கறப்ப எப்படி இருந்துச்சு?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"எப்படின்னா?"

"ஈரமா, அழுக்கா, எப்படி?"

அண்ணன் யோசித்தான். "சூடா இருந்துச்சுக்கா. புதன்கிழமை மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு."

"எத்தனை மணிக்குக் கைக்கு வரும்?"

"ரெண்டே முக்காலுக்கு."

பெரியக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளைக் கூட்டிக்கொண்டு படியேறினாள்.

மொட்டை மாடி அறையில் மாப்பிள்ளை தோளில் ஒரு குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே லேப்டாப்பில் கூரை ஓடு வரைந்துகொண்டிருந்தார். முதலாளியின் மகளுக்கு ஆபீஸ். பகல் முழுக்க அவர்தான் தாய்.

"சத்தமாப் பேசாதீங்க. இப்பத்தான் கண்ணு சொருகுது" என்று கிசுகிசுத்தார். "முதல் தடவை நான்தான் சேவ் பண்ண மறந்துட்டேன்னு நெனச்சேன். எட்டு மாசமா தூக்கமே இல்லை பாருங்க. பென்டிரைவ்லயே வச்சு வரைஞ்சு அப்படியே அனுப்பிடுவேன். லேப்டாப்ல இடமே கிடையாது."

"என்ன ஆச்சு இடத்துக்கு?"

"குழந்தை குப்புற விழுந்த வீடியோ நூத்திநாப்பது இருக்கு."

"எல்லாத்துலயும் ஒரே பக்கமாத்தான விழுந்திருக்கும்?" என்றாள் சின்னவள்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரிங்க" என்றார் மாப்பிள்ளை, மனம் புண்பட்டு. "ரெண்டாவது தடவையும் போனதும் பத்து வீடியோவை அழிச்சுட்டு ஒரு காப்பி வச்சுக்க ஆரம்பிச்சேன். அழறதுக்கு நேரம் இருந்தா அழுதிருப்பேன்."

"திரும்பி வந்த பென்டிரைவ் எப்படி இருந்துச்சு தம்பி? ஃபைல் மட்டும் காணோமா?"

"அதான் வேடிக்கை. லேப்டாப்ல செருகினா, இதைப் படிக்கவே முடியல, முதல்லேருந்து தயார் பண்ணட்டுமான்னு கேக்குது. மூணு தடவையும்."

"கூடையை எத்தனை மணிக்கு விடுவீங்க?"

"சரியா ரெண்டரை. இவன் தூங்கற நேரம். கயிறு லேசானதும், கீழ எடுத்துட்டாங்கன்னு உள்ள வந்துடுவேன். ஒரு நிமிஷம் கூட ஆகாது."

சின்னவள் தன் போனைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் கடிகாரத்தைப் பார்த்தாள், கீழே ஓடிப் போய்ப் பட்டறைக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றும் ஒரே நேரம். "அக்கா, ரெண்டு மாடி இறங்க ஒரு கூடைக்குக் கால் மணி நேரமா? நடுவுல இறங்கி டீ குடிச்சிட்டு வருதா?"

"வருதுன்னுதான் நினைக்கறேன்." பெரியக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "ஃபைல் திருடறவன் என்னடி பண்ணுவான்?"

"காப்பி எடுத்துட்டு, எடுத்ததே தெரியாம வச்சிட்டுப் போவான்."

"அழிப்பானா?"

"அழிச்சா மறுநாளே மாட்டிக்குவானே! மூணு நாள் அழிச்சா அவன் திருடன் இல்லை அக்கா, மடையன்."

"அதைப் பிடிச்சுக்கோ. சூடா வருதுன்னா எதுலயோ சொருகிருக்காங்க. புதன்கிழமை மட்டும் ஏன் ஜில்லுன்னு வந்துச்சு? தம்பி, புதன்கிழமை மத்தியானம் என்ன விசேஷம்?"

"விசேஷமா? ஒரே புழுக்கம். ரெண்டுலேருந்து நாலரை வரைக்கும் கரண்டே இல்லையே" என்றார் மாப்பிள்ளை.

பெரியக்கா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பெரியக்காவைப் பார்த்தாள்.

"லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு. கூடைக்குக் கரண்டு வேணாம்" என்றாள் சின்னவள் மெதுவாக. "கரண்டு வேணுங்கற ஏதோ ஒண்ணு நடுவுல இருக்கு. நடு மாடியில!"

முதல் மாடியில் கதவைத் திறந்தது முதலாளியம்மா. வாய் நிறையச் சிரிப்பு. கூடம் சுத்தமாக இருந்தது. தெருப்பக்க ஜன்னலை ஒட்டி, கதவு அகலத்துக்கு ஒரு புது டிவி. ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில், மேலேயிருந்து கீழே சுவரில் கயிறு உரசிய தடம் ஓடியது.

சின்னவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அம்மா, நேத்து ரெண்டரைக்கு என்ன சீரியல் பாத்தீங்க?"

"ரெண்டரைக்கா?" முதலாளியம்மா யோசித்தாள். "அந்த நேரத்துல நான் எங்கம்மா டிவி பாக்கறது… சாப்பிட்டதும்… ரெண்டு மணிக்குப் படுத்தேன்னா மூணு மணிக்குத்தான் எந்திரிப்பேன். இந்த வீட்ல பகல்ல தூங்கறது நான் ஒருத்திதான்."

"பென்டிரைவை டிவியில சொருகத் தெரியுமா?"

"டிவியில சொருகறதா? எங்க? எனக்கு ரிமோட்ல ரெண்டு பட்டன்தாம்மா தெரியும். ஒண்ணு போடறது, ஒண்ணு சத்தத்தைக் கூட்டறது."

"குறைக்கறது?"

"எதுக்கும்மா குறைக்கணும்?"

பெரியக்காவின் விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன. சின்னவள் மட்டும் விடவில்லை. "அக்கா, இந்தச் சிரிப்பை நம்பாதீங்க. இப்படிச் சிரிச்சே எங்க மாமியார் என் புதுக் குடையைக் கொண்டு போனாங்க" என்று காதில் ஓதினாள்.

"உன் மாமியார் எனக்கும் மாமியார்தான்டி. குடை என் வீட்லதான் இருக்கு. பேசாம இரு." பெரியக்கா முதலாளியம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க வழக்கம்போலப் படுங்கம்மா. நாங்க அடுக்களையில கொஞ்ச நேரம் நின்னுக்கறோம்."

"நிக்கறது என்ன, உக்காருங்க" என்று இரண்டு முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் படுக்கப் போனாள். ஐந்தாவது நிமிடம் குறட்டை கேட்டது.

மணி இரண்டு இருபத்தைந்து. அடுக்களைத் திரைக்குப் பின்னால் சின்னவள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சங்கக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்தான். குறட்டை நிற்கும், அந்த அம்மாள் பூனைபோல எழுந்து வருவாள் என்று ஒரு கண்ணைத் திரை இடுக்கில் வைத்துக் காத்திருந்தாள். குறட்டை நிற்கவில்லை. ஏறி இறங்கி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

வாசல் கதவு ஓசையில்லாமல் திறந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே திருடனாட்டம் நுனிக்காலில் நடந்து வந்தார் முதலாளி.

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியக்காவின் உள்ளங்கை அதை மூடியது.

ஜன்னலுக்கு வெளியே கூடை இறங்கியது. முதலாளி கையை நீட்டிப் பிடித்து, கூடையை ஜன்னல் விளிம்பில் உட்கார வைத்தார். மேலே கயிறு தளர்ந்தது. பென்டிரைவை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், டிவியின் பக்கவாட்டில் தடவித் தடவிச் செருகினார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது, அதை எடுத்துப் போடவில்லை. திரையில் பளிச்சென்று ஒரு கட்டம் வந்தது. ரிமோட்டை நீட்டினார்.

"அமுக்காதீங்க!" என்று பெரியக்கா அடுக்களைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

ரிமோட் தரையில் விழுந்தது. உள்ளே குறட்டை நின்றது.

"நா… நான் சும்மா பேட்டரி மாத்தலாம்னு…"

"சின்னவளே, அதுல என்ன போட்டிருக்குன்னு படி."

சின்னவள் சத்தம் போட்டுப் படித்தாள். "இந்தக் கருவியை டிவியில் பதிவு செய்யத் தயார் செய்யவா? இதில் இருக்கும் எல்லாமே அழிந்துவிடும். சரி, வேண்டாம்." திரும்பி அவரைப் பார்த்தாள். "இதுல நீங்க தினமும் எதை அமுக்கினீங்க?"

முதலாளி கண்ணை இடுக்கி டிவியைப் பார்த்தார். "பளபளன்னு ஒரு கட்டம் வந்துச்சு. வாங்கன்னு கூப்பிடுதுன்னு நெனச்சேன். சரின்னு அமுக்கினேன். சரின்னு சொல்றதுல என்னம்மா தப்பு?"

படுக்கையறை வாசலில் நின்ற முதலாளியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "முப்பத்தி மூணு வருஷத்துல எதுக்குமே சரின்னு சொன்னதில்லையே நீங்க! சொல்லிச் சொல்லி ஒரு டிவிகிட்டயா சொல்லணும்?"

"அய்யா, நீங்க ஒண்ணும் திருடல. அது எனக்குத் தெரியும்" என்றாள் பெரியக்கா. "ஆனா எதுக்கு இதை எடுத்தீங்க? அதைச் சொல்லுங்க. மெதுவா."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். 

"அவர் என்ன வரையறார்னு… பாக்கலாம்னுதான்" என்றார். "பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். பாக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன். பட்டறைக்கு வர்றவங்க எல்லாம், உங்க மாப்பிள்ளை கை அபாரம்னு சொல்லிட்டுப் போறாங்க. முடிஞ்ச சாமானைக் கட்டி அனுப்பிடறாங்க. எனக்கு அந்தக் கோடு… கோடு எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. இந்தச் சனியன் ஒரு நாளும் காட்டல."

"டிவி போட்டோ, வீடியோவைத்தான் காட்டும் மாமா. மெஷின் ஃபைலைக் காட்டாது."

வாசலில் மாப்பிள்ளை. தோளில் குழந்தை, அக்குளில் லேப்டாப். இவர்கள் கேட்ட கேள்வியில் சந்தேகம் வந்து கயிற்றை உடனே இழுத்துப் பார்த்து, கூடை நடுவில் மாட்டிக்கொண்டதால் இறங்கி வந்திருந்தார். எவ்வளவு நேரம் நின்றிருந்தார் என்று தெரியவில்லை. கண் ஓரம் மட்டும் சிவந்திருந்தது. தூக்கம் இல்லாததால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் உள்ளே வந்தார். லேப்டாப்பை முதலாளியின் மடியில் வைத்துத் திறந்தார். முதலாளி பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் பொம்மை வீடு. மாடிப்படி, ஜன்னல் கம்பி, கூரையில் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக.

ஏழு மாதத்துக்குப் பிறகு மாமனார் மாப்பிள்ளையிடம் பேசிய முதல் வார்த்தை இது: "கூரை நிக்காது."

"அய்யோ!" என்றாள் சின்னவள்.

"ஏன் மாமா?"

"சுவர் சொருகற காடிப் பள்ளத்துக்கு எவ்வளவு அகலம் விட்டிருக்கீங்க?"

"மூணு மில்லி. மூணு மில்லி பலகைதானே?"

"சொல்றது மூணு. இந்த லோடுல வந்தது மூணே கால். நான் விரல்ல தடவிப் பாத்தேன். முப்பது வீட்டையும் வெட்டிட்டு, ஒண்ணும் ஒண்ணுக்குள்ள போகாம நிப்பீங்க." திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இங்க, இங்க, அப்புறம் இந்த மூலை. மத்தபடி…" தொண்டையைச் செருமிக்கொண்டார். "மத்தபடி கோடு நல்லா ஓடுது."

மாப்பிள்ளை குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் முடிந்தது. டிவியிலிருந்து பென்டிரைவை எடுத்து, திருத்திய ஃபைலை ஏற்றி, முதலாளியின் கையிலேயே கொடுத்தார்.

முதலாளி பட்டறைக்குப் படி இறங்கினார். பின்னாலேயே எல்லோரும். மெஷின் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான். முதலாளி பென்டிரைவை நீட்டினார். "இந்தாப்பா, ஓட்டு. எதுவும் தொலையல. எல்லாம் சரியாயிடுச்சு."

அண்ணன் கையை நீட்டவில்லை.

"எனக்கு இன்னும் சரியாகல அய்யா" என்றான். குரல் உயரவில்லை. "காலையில தலைவர்கிட்ட, திருடன் இருக்கான்னு சொல்லிட்டீங்க. சாயங்காலம் நான் இங்க இல்லாட்டியும், இருந்தாலும், அவங்க என்னைத்தான் நெனப்பாங்க. என் பேரை நீங்கதான் எடுத்தீங்க. நீங்கதான் திருப்பி வைக்கணும்."

கூடப் பிறந்த இத்தனை வருடத்தில் அண்ணன் தனக்காக இவ்வளவு பேசிச் சின்னவள் கேட்டதில்லை. 

முதலாளி போனை எடுத்தார். வைத்தார். எடுத்தார். தலைவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"என்ன, திருடன் மாட்டினானா?" என்றது தலைவரின் குரல். பின்னால் நாலைந்து பேர் பேசும் சத்தம், கூட்டத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டவர்கள் போலிருக்கிறது.

"மாட்டிட்டான்."

"உங்க மெஷின்காரன்தானே? எனக்குத் தெரியும்!"

"இல்லைங்க. அவன் பத்தரை மாத்துத் தங்கம். இது வீட்டு ஆளு."

"அடடா! மாப்பிள்ளையா?"

"அவரும் இல்லை." முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான்தான்."

 அந்தப் பக்கம் ஒருத்தர் சிரிக்க, இன்னொருத்தர் சிரிக்க, போன் மேசையில் அதிர்ந்தது. "என்னய்யா, உங்க ஃபைலை நீங்களே எப்படித் திருடினீங்க?"

"கூட்டத்துக்கு வந்து சொல்றேன். எல்லாரும் இருக்கறப்ப, எந்திரிச்சு நின்னு சொல்றேன். என் மெஷின்காரனையும் கூட்டிட்டு வர்றேன், முன் வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைங்க."

அண்ணன் கையை நீட்டிப் பென்டிரைவை வாங்கிக்கொண்டான். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான். மெஷினில் செருகியதும் சின்னத் திரையில் வீட்டின் பெயர் வந்தது. பலகையைப் பரப்பி, மூடியைச் சாத்தி, பட்டனை அமுக்கினான். ஊசிமுனை வெளிச்சம் பலகையில் நடக்க ஆரம்பித்தது. முதல் சுவரும் முதல் கூரையும் வந்ததும் ஒன்றில் ஒன்றைச் செருகிப் பார்த்தான். டக்கென்று உட்கார்ந்தது.

"முன் வரிசைக்குப் போகணும்னா அந்தச் சட்டையை மாத்து அண்ணே, வயித்துகிட்ட நாலு பொத்தல் இருக்கு" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகை, கண்ணுகளா, பட்டறைப் புகை.

கதை கேட்ட பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒருவர் பேரை ஒருவர் தவறாக எடுக்காமல் இருக்கட்டும். எடுத்துவிட்டால், எடுத்த வாயே ஊரறியத் திருப்பி வைக்கட்டும். சண்டை போட்டவர்கள் ஒளிந்து பார்க்காமல் எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். உழைக்கிற கைக்கு வேலை குறையாமல், சாப்பிடுகிற தட்டுக்குச் சோறு குறையாமல், உங்கள் வீட்டுச் சுவரும் கூரையும் இடைவெளியில்லாமல் பொருந்தி நிற்க, பிள்ளை குட்டிகளோடு நூறு வருடம் நன்றாக இருங்கள்.